ஹெக்ஸேன் ஓடும் இடத்தில் எந்த மோட்டார்? காங்கேயம் வாசகருக்குப் பதில்

காங்கேயம் பக்கமிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஆலையின் அடையாளமும் வெளியே வர வேண்டாம் என்றதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். வயது 29, எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. தாய்மாமா நடத்தும் தவிட்டு எண்ணெய் ஆலையில், அதாவது சுற்றுவட்டார ரைஸ் மில்களிலிருந்து வரும் தவிட்டில் ஹெக்ஸேன் (எளிதில் தீப்பற்றும் கரைப்பான்) விட்டு எண்ணெயைப் பிரிக்கும் சால்வன்ட் பிளான்டில், பராமரிப்பு முழுவதும் இவர் கையில்.

விஷயம் இதுதான். எக்ஸ்ட்ராக்டர் ஹாலில் மிசெல்லா பம்பின் 7.5 ஹெச்பி மோட்டார் எரிந்துவிட்டது. (மிசெல்லா என்பது எண்ணெயும் ஹெக்ஸேனும் கலந்த திரவம், துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.) அதைச் சாக்காக வைத்து பழைய மோட்டார்கள் ஒன்பதையும் மாற்றிவிடலாம் என்று இவர் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார். ஒருவர் "எஃப்எல்பி மோட்டார்" என்று மட்டும் எழுதி விலை போட்டிருக்கிறார், வேறு ஒரு விவரமும் இல்லை. (எஃப்எல்பி என்பது ஃபிளேம்ப்ரூஃபின் சுருக்கம், தீப்பற்றும் ஆவி உள்ள இடத்துக்கான மோட்டார்.) இன்னொருவர் ஒன்பதும் 2சி, டி6 (கேஸ் குரூப்பும் சூட்டு வகுப்பும், கீழே விளக்குகிறேன்) ஆகவே வாங்கிவிடுங்கள், எதற்கும் தாங்கும் என்கிறார், விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மூன்றாமவர் மூடிப்போன ஒரு ஆலையிலிருந்து எடுத்த மோட்டார்களைப் பெயின்ட் அடித்துப் பாதி விலைக்குத் தருகிறாராம். மாமாவோ, "நம்மூரு காத்துக்கு கேஸ் எங்க நிக்கப்போகுது மாப்பிள்ளை? எரிஞ்ச மோட்டாரக் கோயமுத்தூர்ல குடுத்து வைண்டிங் பண்ணி மாட்டு, இத்தனை வருசமா அப்படித்தானே ஓடுது" என்கிறார். கூடவே பம்புக்கு ஒரு விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போட்டால் கரண்ட் பில் குறையும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் மாற்றும் பதிவேட்டில் கையெழுத்து போடுவது நம் வாசகர். "நாளைக்கு ஏதாவது ஆனால் என் தலையில் விழுமா சார்?" என்று முடித்து, போனில் எடுத்த இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

சரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எரிந்த மோட்டாரைச் சாதாரண வைண்டிங் பட்டறையில் கொடுத்து வாங்கி அதே இடத்தில் மாட்டாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் நேம்பிளேட்டின் மேலேயே பச்சை எனாமல் பெயின்ட், சீரியல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது படம் டெர்மினல் பாக்ஸ். மூடியில் நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான், அதிலும் ஒன்றின் தலை வேறு மாதிரி இருக்கிறது, கையில் கிடைத்ததைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே சிவப்புக் கேஸ்கெட் பேஸ்ட் வழிந்து காய்ந்திருக்கிறது. கேபிள் நுழையும் இடத்தில் சாதாரணப் பித்தளை கிளாண்ட், அதைச் சுற்றிக் களிம்பு. உபயோகிக்காத இன்னொரு ஓட்டையில் துணி சுற்றிய மரக்கட்டை அடித்திருக்கிறது. இந்த மோட்டார் வாங்கிய அன்று ஃபிளேம்ப்ரூஃபாக இருந்திருக்கும். நீங்கள் படம் எடுத்த அன்று அது வெறுமனே கனமான ஒரு மோட்டார், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கடிதத்தில் நீங்களே ஓரிடத்தில் "ஃபிளேம்ப்ரூஃப் என்றால் கேஸ் உள்ளே போகாமல் சீல் பண்ணியதுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேஸ் உள்ளே போகும். மோட்டார் ஓடிச் சூடாகும்போது உள்காற்று விரிந்து வெளியே வரும், நிறுத்தி ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், பக்கத்தில் ஹெக்ஸேன் ஆவி இருந்தால் அதையும் சேர்த்துத்தான் இழுக்கும். உள்ளே ஒரு பொறி பட்டு வெடித்தாலும் மோட்டாரின் உடல் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அந்தத் தீ மூடிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நீளமான இடைவெளியில் ஊர்ந்து வெளியே வருவதற்குள் ஆறி, வெளியில் இருக்கும் ஆவியைப் பற்ற வைக்க முடியாத அளவுக்குச் சூடு இறங்கியிருக்க வேண்டும். இதுதான் ஃபிளேம்ப்ரூஃபின் மொத்த சூட்சுமம். அந்த இடைவெளிக்கு ஃபிளேம் பாத் என்று பெயர். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கின் தீயைக் கம்பி வலையால் சுற்றியபோது வேலை செய்ததும் இதே தத்துவம்தான்.

இப்போது அந்தச் சிவப்புப் பேஸ்டை யோசித்துப் பாருங்கள். இரும்பும் இரும்பும் நேராக முகம் சேர வேண்டிய இடத்தில் அது புகுந்து இடைவெளியை அகலமாக்கிவிட்டது, உள்ளே வெடித்தால் அது பிய்த்துக்கொண்டு போகும், தீ ஆறாமலே வெளியே வரும். போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார், தண்ணீர் இறங்கக் கூடாதே என்று. துரு பிடித்த முகத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். துருவுக்குப் பயந்தால், இறுகிப் போகாத கிரீஸ், அதுவும் தயாரிப்பாளர் சொல்லும் வகை, மெல்லியதாகத் தடவலாம். அதற்கு மேல் அந்த முகத்தில் ஒன்றும் கூடாது.

மோட்டாருக்கு முன்னால் வரைபடம்

மூன்று கொட்டேஷனுமே தப்பான இடத்தில் தொடங்குகின்றன. எந்த மோட்டார் என்ற கேள்வி கடைசியில் வர வேண்டியது. ஆவி எங்கே, எவ்வளவு நேரம் நிற்கும் என்பது முதல் கேள்வி.

ஆவி எப்போதும் அல்லது நெடுநேரம் இருக்கும் இடம் ஜோன் 0. உங்கள் ஆலையில் எக்ஸ்ட்ராக்டரின் உட்பக்கம், ஹெக்ஸேன் டேங்கின் உட்பக்கம். அங்கே மோட்டாருக்கு வேலையே இல்லை, கலக்கியோ கன்வேயரோ இருந்தாலும் ஷாஃப்ட் மட்டும் சீல் வழியாக உள்ளே போகும், மோட்டார் வெளியே நிற்கும். வழக்கமாக ஓடும்போதே அவ்வப்போது ஆவி வரக்கூடிய இடம் ஜோன் 1. பம்ப் சீலை ஒட்டி, வென்ட் வாயில், சாம்பிள் எடுக்கும் வால்வடியில், அப்புறம் முக்கியமாகப் பள்ளங்களில். வழக்கமாக வராது, வந்தாலும் கொஞ்ச நேரம்தான் என்பது ஜோன் 2. எது எங்கே முடிகிறது என்பதை நடந்து பார்த்துக் கையைக் காட்டிச் சொல்ல முடியாது. ஐஎஸ்/ஐஇசி 60079-10-1 தரநிலைப்படி கசியும் இடம், கசியும் அளவு, காற்றோட்டம் இவற்றை வைத்து வரைய வேண்டும். ஹெக்ஸேன் சேமிக்க பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) உரிமம் வாங்கிய ஆலைக்கு அங்கீகரித்த வரைபடங்கள் ஃபைலில் இருக்கும். மாமாவிடம் முதலில் அந்த ஃபைலைக் கேளுங்கள், மோட்டார் காசை அப்புறம் கேட்கலாம்.

மாமாவின் காற்று விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆளையே தள்ளும், அந்தக் காற்றை நம்பித்தான் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காற்றோட்டம் ஜோனைச் சுருக்கும் என்பதைத் தரநிலையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது இன்னொன்றும் கேட்கும்: அந்தக் காற்று எப்போதும் கிடைக்குமா? மார்கழி, தை மாத ராத்திரிகளில் இலை அசையாது. அது மட்டுமா, ஆடிக்காற்றில் தவிடு பறக்கிறது என்று ஹாலின் மேற்குப் பக்கம் தகரம் அடித்து மூடியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எந்தக் காற்று உள்ளே வரும்? ஹெக்ஸேன் ஆவி காற்றைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், கீழே படிந்து தரையோடு தரையாக நகர்ந்து கேபிள் டிரென்ச்சிலும் சாக்கடையிலும் பம்ப் பள்ளத்திலும் தேங்கும். மேலே ஆடிக்காற்று அடித்தாலும் பள்ளத்துக்குள் இருப்பது அப்படியே கிடக்கும். காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் கலவை ஆகிவிடும், அது கிட்டத்தட்ட 7.5 சதவீதம் வரைக்கும் பிடிக்கும். மைனஸ் 20 டிகிரியிலேயே பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம், நம் ஊர் மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வரைபடம் இருந்தால் செலவு குறையும் என்பதுதான் மாமாவுக்குப் பிடிக்கும் பகுதி. உங்கள் ஒன்பது மோட்டார் பட்டியலைப் பார்த்தேன். தவிட்டைத் தயார் செய்யும் பகுதியில் இருக்கும் மூன்றும் ஹெக்ஸேன் ஹாலிலிருந்து தள்ளி, தனிக் கட்டிடத்தில் இருக்கின்றன. அங்கே ஆவிக்கான மோட்டார் தேவைப்படாமல் போகலாம், ஆனால் தவிட்டுத் தூசி இருக்கிறதே, அதுவும் வெடிக்கும், அதற்குத் தூசிக் குரூப் சான்று உள்ள வேறு வகை மோட்டார். ஆவிக்கு என்று வாங்கிய ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார் தூசிக்கும் தானாகவே ஆகிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தகட்டில் இரண்டு குறியும் இருந்தால்தான் இரண்டுக்கும். ஹெக்ஸேன் டேங்க் பம்ப் பள்ளத்துக்குள் இருக்கிறதே, அதை மேட்டில் ஒரு பீடம் கட்டி ஏற்றுங்கள், பம்பின் உறிஞ்சும் திறனுக்கு ஒத்து வந்தால். சிமென்டுக்கும் செங்கலுக்கும் ஆகும் செலவு அந்த இடத்தின் தலைவிதியையே மாற்றும். ஹாலுக்குள் இருக்கும் ஸ்டார்ட்டர்களை வெளியே, பாதுகாப்பான இடத்தில் ஒரு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். உள்ளே புஷ் பட்டன் மட்டும் இருக்கட்டும், அதுவும் எக்ஸ் வகை, அதாவது வெடிக்கும் ஆவி உள்ள இடத்துக்கென்று சான்று பெற்றது. மோட்டாருக்கு லட்சம் கொட்டிவிட்டுப் பக்கத்தில் வீட்டு ஸ்விட்ச் மாட்டியிருக்கும் ஆலைகள் உண்டு.

நீங்கள் "ஆபத்து இல்லை" என்று கோடு போட்டிருக்கும் ஒன்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எண்ணெய் எடுத்த தவிட்டை டோஸ்டரிலிருந்து (தவிட்டில் மிஞ்சிய ஹெக்ஸேனைச் சூட்டால் ஓட்டும் கலன்) குடோனுக்குக் கொண்டுபோகும் கன்வேயர். டோஸ்டர் சரியாக வேலை செய்யாத நாளில் தவிட்டோடு ஹெக்ஸேனும் கூடவே போகும், மூடிய கன்வேயருக்குள்ளும் குடோன் குவியலுக்குள்ளும் மெதுவாக ஆவி விடும். ஸ்டீம் குறைந்த நாள், ஆலையை நிறுத்தித் தொடங்கும் நாள், இவைதான் மோசம். அந்தக் கன்வேயர் மோட்டார் சாதாரண மோட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதில் எதை முதலில் மாற்றுவது என்றால் எரிந்த பம்ப் மோட்டாருக்கு அடுத்து இதுதான்.

தகட்டில் எதைப் படிப்பது

"எஃப்எல்பி மோட்டார்" என்று மட்டும் சொல்லும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். தகட்டில் "எக்ஸ் டிபி 2பி டி4 ஜிபி" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். கடையில் 2ஏ, 2பி, 2சி என்பதெல்லாம் தகட்டில் ரோமன் எண்ணில் இருக்கும். கடைசியில் வரும் ஜிபி, ஜோன் 1-க்கு ஆகும் என்ற பாதுகாப்பு நிலை.

எக்ஸுக்கு அடுத்து வருவது பாதுகாப்பு முறை. டி அல்லது டிபி என்றால் ஃபிளேம்ப்ரூஃப், ஜோன் 1-க்கும் 2-க்கும் ஆகும். இ அல்லது இபி என்றால் பொறியே வராதபடி, சூடு ஏறாதபடி கூடுதல் கவனத்தோடு செய்தது, அதுவும் ஜோன் 1-க்கு ஆகும், ஆனால் ரோட்டர் சிக்கி நின்றால் தகட்டில் உள்ள டிஇ நேரத்துக்குள் (சூடு எல்லையைத் தொட ஆகும் வினாடிகள்) ஓவர்லோடு ரிலே கட்டாயம் தட்டிவிட வேண்டும். ரிலேயைத் திருப்பி வைத்துவிட்டு "இப்ப தட்டமாட்டேங்குதுங்க" என்று சந்தோஷப்படும் ஷிஃப்ட் ஆட்கள் இருக்கும் இடத்தில் எனக்கு இந்த வகை மோட்டார் மேல் நம்பிக்கை கம்மி. பழைய தகட்டில் என் என்றும் புதியதில் இசி என்றும் இருப்பது ஜோன் 2-க்கு மட்டும். விலை குறைவு, ஜோன் 2-ல் தாராளமாகப் போடலாம். இருந்தாலும் உங்கள் மாதிரிச் சின்ன ஆலைக்கு என் யோசனை வேறு: ஒரே ஹெச்பியில் இரண்டு வகை மோட்டார் ஸ்டோரில் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எது கைக்கு வருகிறதோ அதைத்தான் மாட்டுவார்கள். ஹாலுக்குள் ஜோன் 1, ஜோன் 2 இரண்டிலும் ஃபிளேம்ப்ரூஃபே இருக்கட்டும், ஸ்பேரும் ஒன்று வாங்கி வைத்தால் போதும்.

அடுத்தது கேஸ் குரூப். நீங்கள் 2ஏ-தான் உசத்தி என்று நினைத்துவிட்டீர்கள். தலைகீழ். 2ஏ கொஞ்சம் சாது, 2சி பொல்லாதது. புரோப்பேன் தீ ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டாமல் அணையும், எத்திலீனுக்கு 0.65 அளவுக்குச் சுருக்க வேண்டும், ஹைட்ரஜன் 0.29 வரைக்கும் புகுந்து வரும். அதனால்தான் ஹைட்ரஜனுக்கும் அசிட்டிலீனுக்கும் 2சி. ஹெக்ஸேன் 2ஏ. 2பி மோட்டார் 2ஏ இடத்துக்குத் தாராளமாக ஆகும், 2சி எல்லாவற்றுக்கும் ஆகும், திருப்பிப் போட்டால் ஆகாது.

மூன்றாவது சூட்டு வகுப்பு. டி1 என்றால் மோட்டாரின் மேற்பரப்பு 450 டிகிரி வரை போகலாம், டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. எண் ஏற ஏற அனுமதிக்கும் சூடு இறங்கும். ஹெக்ஸேன் பொறியே இல்லாமல், வெறும் சூட்டிலேயே தானாகப் பற்றும் வெப்பநிலை 225 டிகிரி பக்கம், எனவே குறைந்தது டி3. குரூப்பும் சூட்டு வகுப்பும் சேர்ந்தே ஏறும் என்று அந்த 2சி டி6 வியாபாரி நினைக்கிறார் போலிருக்கிறது. ஹைட்ரஜன் 2சி, ஆனால் அதற்கு டி1 போதும். டி6 உண்மையில் தேவைப்படுவது கார்பன் டைசல்ஃபைடு மாதிரி ஒன்றிரண்டு சரக்குக்குத்தான். நம் ஊர் வெயிலில் ஒரு மோட்டாரின் மேற்பரப்பை 85 டிகிரிக்குள் வைக்க வேண்டுமென்றால் பெரிய ஃபிரேமில் சின்ன லோடு ஓட்ட வேண்டியிருக்கும், அந்தக் காசுதான் கொட்டேஷனில் தெரிகிறது. உங்களுக்கு 2ஏ டி3 போதும், சந்தையில் எளிதாகக் கிடைப்பது 2பி டி4, அதை வாங்கிவிடுங்கள், பேச்சு முடிந்தது.

நான்காவதாக வரும் சுற்றுச்சூழல் வெப்பத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. இந்தச் சான்றுகள் எல்லாம், தகட்டில் வேறு எண் போடாத வரைக்கும், சுற்றுச்சூழல் வெப்பம் மைனஸ் 20-லிருந்து 40 டிகிரி வரைக்கும்தான். கோடையில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40-ஐத் தாண்டியது என்பது செய்தியில் வருடா வருடம் வருகிறது. தகரக் கூரைக்குக் கீழே, டோஸ்டருக்குப் பக்கத்தில், ஸ்டீம் லைன் போகிற இடத்தில் என்ன இருக்கும்? ஒரு தெர்மாமீட்டரை மதியம் மோட்டார் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். 50 டிகிரிக்குச் சான்று பெற்ற மோட்டார் கேளுங்கள், தகட்டிலும் அது அடித்திருக்க வேண்டும்.

பழைய மோட்டார் விற்பவர் விஷயம் எளிது. தகடு படிக்க முடிய வேண்டும், தகட்டில் உள்ள சான்று எண்ணுக்கு உரிய பரிசோதனை அறிக்கையும் (தன்பாத் சிம்ஃபர் மாதிரியான கூடங்கள் தருவது) பெசோ அங்கீகாரக் கடிதமும் கையில் இருக்க வேண்டும், அதில் உள்ள ஃபிரேம் அளவும் திறனும் பொருந்த வேண்டும், நடுவில் யார் ரிப்பேர் செய்தார்கள் என்ற பதிவும் வேண்டும். பெயின்ட் அடித்த மோட்டாருக்கு இத்தனையும் வைத்திருந்தால் அவர் பாதி விலைக்கு ஏன் விற்கப்போகிறார்?

ரீவைண்டிங்கும் விஎஃப்டியும்

கோயமுத்தூர் வைண்டிங்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் எரிந்த ஸ்டேட்டரைப் பார்த்தாலே என்ன ஆனது என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். காயில் அவர்கள் நன்றாகத்தான் போடுவார்கள். பிரச்சினை காயிலைத் தாண்டியது. மோட்டாரைப் பிரிக்கும்போது மூடியைச் சுத்தியால் தட்டினால் ஃபிளேம் பாத்தில் பள்ளம் விழும், பேரிங் இடம் தேய்ந்து புஷ் போட்டால் ஷாஃப்ட் இடைவெளி மாறும், கம்பி கேஜையோ சுற்றையோ கொஞ்சம் மாற்றினால் சூடு மாறி டி4 என்ற எழுத்துக்கு அர்த்தம் போய்விடும். எக்ஸ் மோட்டாரைப் பழுது பார்க்க ஐஎஸ்/ஐஇசி 60079-19 என்று தனித் தரநிலை இருக்கிறது. பழைய வைண்டிங்கின் அதே விவரத்தில் சுற்ற வேண்டும், இடைவெளிகளை அளந்து எழுத வேண்டும், ரிப்பேர் தகடு அடிக்க வேண்டும். அப்படிச் செய்யும் பட்டறை அல்லது தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். 7.5 ஹெச்பிக்கு அந்தச் செலவு புது மோட்டாரை நெருங்கிவிடும் என்பதால், இதைப் பொறுத்தவரை புதிதே வாங்குவது மேல். சாதாரணமாக ரீவைண்டிங் ஆன மோட்டாரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எக்ஸ் தகட்டைக் கழற்றிவிட்டு, ஆவியும் தூசியும் இல்லாத தண்ணீர் பம்புக்கு ஓட்டுங்கள்.

புது மோட்டார் வந்த பிறகுதான் நிறையத் தப்பு நடக்கிறது. கிளாண்டும் எக்ஸ் டி சான்று உள்ளதாக, கேபிளின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். காலி ஓட்டைக்குச் சான்று பெற்ற ஸ்டாப்பிங் பிளக். போல்ட் எல்லாம் முழு எண்ணிக்கையில், தயாரிப்பாளர் சொன்ன வலிமையில். ஃபிளேஞ்ச் மூடிக்கு நேர் எதிரே சுவரோ பைப்போ ஒட்டி இருக்கக் கூடாது, 2ஏ-க்குக் குறைந்தது 10 மில்லிமீட்டர், 2பி-க்கு 30, 2சி-க்கு 40. மெகர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பதானால் கேஸ் டிடெக்டரால் அந்த இடத்தைச் சோதித்த பிறகுதான், மெகரே பொறி விடக்கூடிய கருவி. பெல்ட் டிரைவ் என்றால் நிலைமின்சாரம் சேராத பெல்ட். இனிமேல் பெயின்ட் அடிப்பவரிடம் நேம்பிளேட்டில் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

விஎஃப்டி பற்றி மாமாவிடம் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் பின்னால் உள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றும், குளிர்ச்சி போய்ச் சூடு ஏறும். டிரைவிலிருந்து வரும் மின்சாரம் சுத்தமான அலையாக இல்லாததால் வைண்டிங்கிலும் கூடுதல் சூடு, ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்கு மின்னோட்டம் பாய்ந்து அங்கே பொறி விடும் வாய்ப்பும் உண்டு. எனவே ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார் விஎஃப்டியில் ஓட, எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரை என்று சான்றிலேயே எழுதியிருக்க வேண்டும், வைண்டிங்குக்குள் தெர்மிஸ்டர் வைத்து அது சூடானால் டிரைவே நின்றுவிடும்படி இணைக்க வேண்டும். டிரைவ் பெட்டி ஹாலுக்கு வெளியே. எக்ஸ் இ மோட்டாருக்கு இன்னும் கெடுபிடி, அந்த டிரைவோடு சேர்த்தே சான்று வேண்டும். உங்கள் மிசெல்லா பம்ப் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே லோடில் ஓடுகிறது என்கிறீர்கள், அதில் மிச்சமாகும் யூனிட் பெரிதாக இருக்காது. கூலிங் டவர் விசிறி பாதுகாப்பான இடத்தில் இருந்தால் அதில் போடச் சொல்லுங்கள், மாமாவுக்கும் பில்லில் வித்தியாசம் தெரியும்.

கையெழுத்து

ஹெக்ஸேன் கிளாஸ் ஏ பெட்ரோலியம். பெட்ரோலியம் விதிகள் 2002-ன்கீழ் உரிமம் மாமா பெயரில் இருக்கிறது, உரிமத்தின் நிபந்தனைகளுக்கும் அவர்தான் முதல் பொறுப்பு. அதனால் நீங்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தெரிந்தே தகுதியில்லாத மோட்டாரை மாட்டி, "சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பராமரிப்புப் பொறுப்பாளரை விசாரணையில் நிச்சயம் கூப்பிடுவார்கள். காப்பீட்டு சர்வேயரும் மோட்டார் சான்றுகளைக் கேட்பார், அது இல்லையென்றால் இழப்பீடு இழுபறியாகும். மாமாவிடம் பேசும்போது இந்தக் கடைசி வரியில் ஆரம்பித்தால் காது கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

உறவுக்குள் எழுத்தில் கொடுப்பது சங்கடம்தான், தெரிகிறது. "மாமா, இந்த மோட்டாருக்குச் சான்று இல்லை, ஹாலுக்குள் மாட்ட வேண்டாம் என்று என் கருத்து, மாற்று இது" என்று இரண்டு வரி வாட்ஸ்அப்பில் தேதியோடு போட்டாலும் போதும், சண்டை போடுகிற தொனி வேண்டாம். பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: தகட்டில் உள்ள முழுக் குறி, சான்று எண், சீரியல் எண், கிளாண்ட் விவரம். தகடு படிக்க முடியவில்லை என்றால் "படிக்க முடியவில்லை" என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அது உங்களைக் காப்பாற்றும். பம்பை இடம் மாற்றுவது, ஸ்டார்ட்டர் அறையை மாற்றுவது மாதிரி வேலைகள் அங்கீகரித்த வரைபடத்தை மாற்றும் என்றால் பெசோவிடம் முன் அனுமதி வாங்கிய பிறகே கை வையுங்கள். சென்னையில் அவர்களுடைய தென்மண்டல அலுவலகம் இருக்கிறது, உங்கள் உரிமத்துக்கு விண்ணப்பம் தயாரித்த கன்சல்டன்டே இதையும் செய்து தருவார்.

கடைகளுக்குத் திரும்ப எழுதும்போது இப்படிக் கேளுங்கள்: "ஃபிளேம்ப்ரூஃப் எக்ஸ் டிபி, கேஸ் குரூப் 2பி, டி4, ஜிபி, சுற்றுச்சூழல் வெப்பம் 50 டிகிரி, ஐபி 55, 7.5 ஹெச்பி, போல் எண்ணிக்கையும் ஃபிரேமும் பழைய மோட்டாரின்படி, பொருத்தமான எக்ஸ் டி கிளாண்டும் ஸ்டாப்பிங் பிளக்கும் சேர்த்து, பரிசோதனை அறிக்கை, பெசோ அங்கீகார நகலுடன்." கன்வேயர் மோட்டாருக்கு இதோடு தூசிக் குரூப் சான்றும் சேர்த்துக் கேளுங்கள், அங்கே ஆவி, தூசி இரண்டும் இருக்கின்றன. புது மோட்டார் வந்து சேரும்வரை ஸ்டாண்ட்பை பம்பில் ஓட்டலாம், அதன் டெர்மினல் பாக்ஸையும் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். உங்கள் ஆலையில் போல்ட் தொலைவது ஒரு மோட்டாரோடு நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்குறிப்பில் ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் நண்பருக்காகக் கேட்டிருந்தீர்கள், கழிவுநீரிலிருந்து வரும் பயோகேஸ் ப்ளோயருக்கு இதே மோட்டார் ஆகுமா என்று. மீத்தேன் 2ஏ, டி1, எனவே 2பி டி4 மோட்டார் தாராளமாகப் போதும். அவருக்குத் தலைவலி வேறு. பயோகேஸில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பை அரிக்கும், டெர்மினல் கறுத்துத் தளர்ந்து அங்கே சூடேறும். ப்ளோயரின் ஷாஃப்ட் சீல் தேய்ந்தால் கேஸ் நேராக மோட்டார் மேலேயே அடிக்கும். அந்த சீலையும் டெர்மினல் பாக்ஸின் உட்பக்கத்தையும் படம் எடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள்.